ஆயுத பூஜையன்று முனிராஜ் எப்படி விழுந்தான்

1

எங்கள் தொழிற்சாலையில் பூசணிக்காய்க்குத் தடை வந்து இந்த அக்டோபரோடு ஒரு வருடம் ஆகிறது. விதிப்புத்தகத்தில் பூசணிக்காய் என்ற பெயர் கிடையாது. "கட்டடத்துக்குள் காய்கறி, பழ வகைகளை வேகமாகத் தரையில் மோதவிடக் கூடாது" என்று ஒரு வரி கூடியிருக்கிறது, அவ்வளவுதான். அந்த வரியை எழுதிய பாதுகாப்புக் குழுவில் நானும் ஒரு உறுப்பினன். மத்திகிரியில் பிறந்து, ஓசூர் சிப்காட்டில் லேத் மெஷினோடு வாலிபத்தைக் கழித்து, கடல் தாண்டி வந்து, ஐம்பதைக் கடந்த வயதில் மனித குலத்துக்கு நான் அளித்திருக்கும் சட்டம் இதுதான்.

நான் இருப்பது அமெரிக்காவின் வடக்கே, பெரிய ஏரிகளை ஒட்டிய ஒரு மாநிலம். வருடத்தில் பாதி நாள் ஊரே ஃப்ரீசருக்குள் இருக்கும். கார்களுக்கு பிரேக் உதிரிபாகம் செய்கிறோம். கம்பெனிக்கு ஓசூரிலும் ஓர் ஆலை உண்டு என்பதால், எங்கள் ஷாப் ஃப்ளோரில் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர்கள் ஒரு வேன் நிறையத் தேறுவோம். ஊரில் பேசுவது போலவே தமிழில் ஆரம்பித்து, தெலுங்கில் திட்டி, கன்னடத்தில் சமாதானமாகிறோம். அமெரிக்கர்கள் இதையெல்லாம் ஒரே மொழி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நாங்களும் திருத்தவில்லை.

அந்த வேனில் ஒருவன் முனிராஜ். உத்தனப்பள்ளிக்காரன். மெஷின்களில் டூல் மாட்டி அளவு சரிசெய்து கொடுக்கும் செட்டர். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவன். மனைவி மஞ்சுளா ஊரில் ரோஜாப் பண்ணையில் பூ தரம் பிரிக்கும் வேலை பார்க்கிறாள். போன வருடம் ஆயுத பூஜையன்று முனிராஜ் தொழிற்சாலையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டான். அவன் எப்படி விழுந்தான் என்பதை ஒரு மாநிலமே உட்கார்ந்து விசாரித்தது. ஊரில் இருப்பவர்களுக்கு அரைகுறையாகத் தகவல் வந்திருக்கும். முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

2

முதலில் ஓர் ஒப்புதல். நாங்கள் கத்தோலிக்கர்கள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு ஒருவர் தவறினாலும் அன்று என் அப்பா மட்டன் எடுக்கமாட்டார். குடும்பமே பக்தியோடு இருந்தது. அப்படிப்பட்ட வீட்டிலிருந்து போன நான், வருடத்தில் ஒரு நாள் லேத் மெஷினுக்குச் சந்தனப்பொட்டு வைத்துக் கைகட்டி நிற்பேன். பங்குச் சாமியாரும் கேட்டதில்லை, மெஷினும் கேட்டதில்லை. பக்கத்து மெஷின் பாய் எங்கள் எல்லோரையும்விட நேர்த்தியாகச் சாமந்தி மாலை கட்டுவார்.

ஓசூர் தொழிற்சாலைகளில் ஆயுத பூஜை என்பது முதல் நாள் மதியமே ஆரம்பித்துவிடும். உற்பத்தி நிற்கும். மெஷினுக்கு அடியில் சுருண்டு கிடக்கும் இரும்புச் சுருள்களை வாரி, தேங்கிய எண்ணெயை வடித்து, டீசலில் நனைத்த பனியன் வேஸ்ட்டால் ஒவ்வொரு இடுக்காகத் துடைப்போம். வருடம் முழுக்க வியர்வையும் எண்ணெயுமாக நின்ற மெஷின் மறுநாள் காலையில் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிற்கும். கேட்டில் வாழைமரம், கலர் பேப்பர் தோரணம். அதிகாரி ஒருவர், நாம் எல்லாரும் ஒரே குடும்பம் என்று பேசுவார். சம்பள உயர்வு பற்றி அந்தக் குடும்பத்தில் யாரும் பேசமாட்டார்கள்.

கடைசியில் வெள்ளைப்பூசணி. மேலே ஒரு வில்லையை அறுத்து, உள்ளே குங்குமமும் சில்லறையும் போட்டு, கற்பூரம் ஏற்றி, எல்லா மெஷினையும் சுற்றிக் காட்டி, கேட்டருகே கொண்டுபோய் ஒரே போடு. சிதறியது அப்படியே கிடக்கும். அன்று சாயங்காலம் ராயக்கோட்டை ரோட்டில் பைக் ஓட்டுவதற்குத் தனி லைசென்ஸ் கொடுக்கலாம். ஒவ்வொரு கடை வாசலிலும் சிவப்புச் சதை, ஒவ்வொரு வளைவிலும் ஒருவன் சறுக்குவான். கேட்டுக்கு உள்ளே கிடப்பதை மட்டும் சாலம்மா பெருக்குவார். கான்ட்ராக்ட்டில் வந்த துப்புரவுத் தொழிலாளி.

"ஒடச்சவங்கல்லாம் பொரி திங்கப் போயிட்டீங்களா? நல்லா கும்புடறீங்கப்பா சாமிய!" என்பார்.

நாங்கள் சிரிப்போம். பொரி தின்றுகொண்டே சிரிப்போம்.

3

இங்கே எங்கள் பிளான்ட் மேனேஜர் டெபி. நல்ல உயரமான, நியாயமான பெண்மணி. முதல் வருடம் ஆயுத பூஜைக்கு அனுமதி கேட்டபோது, "மெஷினுக்கு உடம்பு சரியில்லையா?" என்றுதான் கேட்டார். விளக்கினோம். யோசித்துவிட்டுச் சம்மதித்தார், நிபந்தனைகளோடு. நெருப்பு கூடாது, ஆகவே கற்பூரத்துக்குப் பதில் பேட்டரி மெழுகுவத்தி. சென்சார்கள் மேல் குங்குமம் கூடாது என்பது மறு வருடம் சேர்ந்தது. முதல் வருடம் ஒரு பக்திமான் மெஷினின் பாதுகாப்புக் கண்ணுக்கு நேராகப் பொட்டு வைத்துவிட்டான். மெஷின் அரை நாள் தியானத்தில் உட்கார்ந்துவிட்டது.

போன வருடம் பூசணியும் உடைப்பது என்று முடிவானது. பெரிய சிக்கல், வெள்ளைப்பூசணி. இந்தியக் கடையில் அதைத் துண்டு போட்டு, பிளாஸ்டிக் சுற்றித்தான் விற்கிறார்கள்.

"துண்டு போட்டதுல திருஷ்டி எப்பிடிண்ணா நிக்கும்?" என்று முனிராஜ் என்னைக் கேட்டான். நியாயமான கேள்வி. என் ஞானோபதேச வகுப்பில் இதற்குப் பதில் சொல்லித்தரவில்லை.

ஆனால் அக்டோபரில் இந்த ஊரே ஆரஞ்சுப் பூசணியால் நிரம்பி வழியும். பேய்த் திருவிழாவுக்காக வீட்டு வாசல்களில் கண், மூக்கு, பல் வெட்டிப் பூசணியை உட்கார வைத்திருப்பார்கள். திருஷ்டிக் காயையும் திருஷ்டிப் பொம்மையையும் ஒன்றாக்கிவிட்ட சமூகம் என்று எனக்கு அவர்கள்மேல் மரியாதைதான். முழுதாக ஒன்றை வாங்கினோம். வெளியே ஐஸ் மாதிரி மழை. ஆகவே லாரி வந்து நிற்கும் இடத்தில், கூரைக்கு உள்ளே சிமென்ட் தரையில், முனிராஜ் ஓங்கிப் போட்டான். அமெரிக்கர்கள் கைதட்டினார்கள். எல்லோரும் பொரிக்கும் லட்டுக்கும் சாப்பாட்டு அறைக்குப் போனோம்.

ஆரஞ்சுப் பூசணியின் உள்விவகாரம் எங்களுக்குத் தெரியாது. வெள்ளைப்பூசணி சிதறினால் துண்டு துண்டாகக் கிடக்கும். இது உள்ளே நாரும் கொழகொழப்பும் விதையுமாக, வெண்டைக்காயை எண்ணெயில் ஊறவைத்த மாதிரி. நான் லட்டில் கைவைத்த நேரத்தில் வெளியே ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், முனிராஜ் அந்த ஆரஞ்சுக் குளத்தின் நடுவே உட்கார்ந்து வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தான்.

"அண்ணா, கை திரும்பிக்கிச்சுண்ணா."

அங்கே ஒரு கேமரா இருந்தது. அது கடமையே கண்ணாக வெளிக்கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது.

4

ஆஸ்பத்திரிக்கு என் காரில்தான் கூட்டிப்போனேன்.

"ஒடச்சதும் தள்ளித்தானேடா நின்ன? எப்பிடி விழுந்த?"

அடிபட்ட கையை மடியில் ஏந்தியபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். வலி என்று நினைத்தேன்.

"ஒடைக்கும்போது விழலண்ணா."

"பின்ன?"

"தொடைக்கும்போது."

எல்லோரும் சாப்பிடப் போனதும் இவன் மட்டும் பின்தங்கி, மூலையிலிருந்த மாப்பை எடுத்துத் துடைத்திருக்கிறான். விழுந்ததும், முறிந்த கையோடு, முதல் வேலையாக அந்த மாப்பைக் காலால் உதைத்து, சரக்கு அடுக்கும் பலகைக்கு அடியில் தள்ளியிருக்கிறான். அதற்கப்புறம்தான் வலிக்க ஆரம்பித்ததாம்.

"ஒளிச்சு வைக்க அது என்ன திருட்டு மாலா?"

"உங்களுக்குத் தெரியாதாண்ணா? செட்டர்னு சொல்லிட்டு அமெரிக்கா போனான், அங்க தரை தொடைக்கறானாம்னு உத்தனப்பள்ளி பஸ் ஸ்டாண்டுல பேசுவாங்க. டீக்கடையில பேரே வச்சுருவாங்க. ஒடைக்கும்போது விழுந்தேன்னா அது சாமி காரியம். மஞ்சுகிட்ட அப்பிடித்தான் சொல்லப்போறேன். நீங்களும் யாருகிட்டயும் சொல்லக் கூடாது. மாதா மேல சத்தியம் பண்ணுங்க."

அவனுடைய மானத்துக்கு என்னுடைய மாதாவை ஜாமீன் கேட்டான். கொடுத்தேன்.

"சரி, அவ்வளவு வெக்கப்படறவன் எதுக்குடா தொடச்ச?"

"ரோசாம்மா மத்தியானம் வருவாங்கல்லண்ணா. முட்டி வலியோட நடக்கறாங்க. நம்ம பண்டிகைக்கு அவங்க எதுக்குக் குனியணும்?"

ரோசா எங்கள் தொழிற்சாலையின் துப்புரவுப் பணியாளர். மெக்சிகோவிலிருந்து வந்தவர். ஒரு மனிதன் ஒரே நிமிடத்தில் இவ்வளவு நல்லவனாகவும் இவ்வளவு முட்டாளாகவும் இருக்க முடியும் என்பதை ஒப்புக்கொள்ள எனக்குக் கொஞ்ச தூரம் வண்டி ஓட்ட வேண்டியிருந்தது.

5

இங்கே வேலையில் அடிபட்டால் யார் தப்பு என்று சண்டை போட வேண்டியதில்லை. வேலையில் அடிபட்டது என்றால் முதலாளி எடுத்திருக்கும் தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு வைத்தியமும் பார்க்கும், சம்பளத்தில் பெரும்பகுதியும் கொடுக்கும். அந்தக் காப்பீட்டுக் கம்பெனியின் நர்ஸ் ஒருவர் போனில் கூப்பிட்டு, என்ன செய்துகொண்டிருந்தபோது அடிபட்டது என்று அன்பாகக் கேட்டார். முனிராஜ் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் ஆயுத பூஜையின் தல புராணத்தையே சொன்னான். திருஷ்டி எப்படி இறங்குகிறது, பூசணி ஏன் சிதற வேண்டும், எல்லாம். மாப்பு மட்டும் வரவில்லை.

மறுப்பு வந்தது. தானாக விரும்பிக் கலந்துகொண்ட சமூக நிகழ்ச்சியில் ஏற்பட்ட காயம், வேலையோடு தொடர்பில்லை. சரி, சாதாரண மருத்துவக் காப்பீட்டைக் கேட்டோம். அவர்கள், இது தொழிற்சாலைக்குள் வேலை நேரத்தில் நடந்தது, வேலைக் காப்பீட்டைப் போய்ப் பாருங்கள் என்றார்கள். ஒருவருக்கு முனிராஜ் கோவிலில் விழுந்தவன்; இன்னொருவருக்குத் தொழிற்சாலையில் விழுந்தவன். இடையில் மாவுக்கட்டோடு அவன். கட்டுக்குள் எலும்பு கோணலாக ஒட்டிக்கொண்டது. அறுவை சிகிச்சை செய்து தகடு வைக்காவிட்டால் மணிக்கட்டு திரும்பாது என்றார் டாக்டர். திரும்பாத மணிக்கட்டோடு செட்டர் வேலை பார்க்க முடியாது. செட்டர் வேலை இல்லையென்றால் அவனை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள், அங்கேயும் அதே கை.

இங்கே என் பொழுதுபோக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் கிரிக்கெட் பார்ப்பார்கள். நான் மாநிலச் சட்டமன்றக் குழுக் கூட்டங்களை இணையத்தில் பார்ப்பேன். என் மனைவி லில்லி இதை ஒரு வியாதி என்று உறவினர்களிடம் சொல்லியிருக்கிறாள். ஆனால் எனக்கு அந்தக் கூட்டங்கள்மேல் உண்மையான பிரியம். மசோதா ஒன்று வந்தால், யார் வேண்டுமானாலும் பெயர் கொடுத்துவிட்டுப் போய்ச் சில நிமிடம் பேசலாம். கூரை வேய்பவர், நர்ஸ், லாரி டிரைவர், எவரும். மணி அடித்தால் நிறுத்த வேண்டும். உறுப்பினர்களில் பாதிப்பேர் கைபேசியைப் பார்த்தபடிதான் கேட்கிறார்கள். ஆனாலும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கிறார்கள்.

முனிராஜ் விழுவதற்கு முந்தின வருடம் இழப்பீட்டுச் சட்டத்துக்கு ஒரு திருத்தம் வந்தது. கம்பெனி பிக்னிக்கில் கயிறு இழுத்துக் காலை முறித்துக்கொள்கிறவனுக்கு வேலைக் காப்பீடு எதற்கு என்பது முதலாளிகள் கேள்வி. கேளிக்கை, விளையாட்டு, சமூக நிகழ்ச்சி எல்லாம் இனி கணக்கில் வராது என்று மசோதா. அதன்மேல் பேச ஒரு பள்ளிக்கூடக் கேன்டீன் அம்மாள் வந்தார். கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு, குழுவைப் பார்த்துக் கேட்டார்: "பிக்னிக் முடிந்ததும் நீங்கள் எல்லோரும் காருக்குப் போய்விடுகிறீர்கள். மேஜையை மடக்குவது நான். கொட்டியதைத் துடைப்பது நான். அதுவும் எனக்குக் கேளிக்கையா?"

மணி அடிப்பதற்கு முன்பே முடித்துவிட்டுப் போய்விட்டார். குழுத்தலைவர் ஏதோ குறித்துக்கொண்டார். மசோதா திரும்பி வந்தபோது அதில் ஒரு வரி கூடியிருந்தது: நிகழ்ச்சிக்கு இடத்தைத் தயார் செய்வதும், முடிந்தபின் சுத்தம் செய்வதும் வேலையின் பகுதியே. அப்படியே சட்டமாயிற்று. நான் சோபாவில் உட்கார்ந்தபடி கைதட்டினேன். சமையலறையிலிருந்து லில்லி, "யாரு அவுட்டு?" என்று கேட்டாள்.

ஊரில் மட்டும் எதுவும் நகரவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. அந்தக் காலத்து இழப்பீட்டுச் சட்டத்தை இப்போது புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் சேர்த்துவிட்டார்கள். வீட்டிலிருந்து வேலைக்குப் போகிற, திரும்புகிற வழியில் அடிபட்டாலும், வேலையோடு அதற்குத் தொடர்பு காட்ட முடிந்தால், அது வேலையில் பட்ட அடிதான். அத்திப்பள்ளியில் குறைந்த வாடகைக்குக் குடியிருந்து, மாநில எல்லை தாண்டி சிப்காட்டுக்கு பைக்கில் வருகிறவர்களை நினைத்துக்கொண்டேன். இங்கே என் மாநிலத்தில், வேலைக்குக் கிளம்பியவன் பனியில் வழுக்கி விழுந்தால் அது பெரும்பாலும் அவனுக்கும் பனிக்கும் இடையிலான சொந்த விவகாரம். இந்த ஒரு விஷயத்தில் ஓசூர் முன்னால் நிற்கிறது என்று டெபியிடம் சொன்னேன். நம்பவில்லை. காலர் கொஞ்சம் உயர்ந்துதான் போயிற்று எனக்கு.

6

ஆக, கேன்டீன் அம்மாள் போட்ட அந்த வரி முனிராஜுக்காகவே எழுதி வைத்த மாதிரி இருந்தது. அவன் செய்ய வேண்டியது ஒன்றுதான். மேல்முறையீட்டு விசாரணையில் மாப்பு என்று சொல்ல வேண்டும். அது உண்மையும்கூட. உண்மையைச் சொன்னால் லாபம் வருகிற சந்தர்ப்பம் மனிதனுக்கு எத்தனை தடவை வாய்க்கும்?

போனில் கூப்பிட்டுச் சொன்னேன்.

"வேணாண்ணா."

"கை போயிரும்டா."

"கை போனா கை மட்டும்தான போவும்."

"மஞ்சுளா கேட்டா சந்தோசப்படும்டா."

"சிரிப்பாண்ணா. அவ சிரிச்சா எங்க அம்மாவும் சிரிக்கும். எங்க அம்மா சிரிச்சா ஊரே சிரிச்ச மாதிரி. விடுங்க. சாமி காரியமாவே இருக்கட்டும்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் என் மகள் ரீனா எல்லாவற்றையும் கேட்டபடி நிற்கிறாள். கல்லூரிக்குப் போகிறவள். இங்கே பிறந்தவள். ஆயுத பூஜை அவளுக்கு அப்பா ஆபீஸில் மெஷினுக்குப் பொட்டு வைக்கும் நாள்; மத்திகிரி என்பது பாட்டி வீட்டில் வைஃபை சரியாக வராத இடம். சிறுவயதில் தமிழில் சண்டை போடுவாள். இப்போது தமிழில் வாழ்த்து மட்டும் சொல்கிறாள். சண்டையெல்லாம் ஆங்கிலத்துக்குப் போய்விட்டது. ஒரு மொழி வீட்டை விட்டு வெளியேறுவதை நான் அப்படித்தான் கவனித்தேன்.

"அப்பா, முனி அங்கிள் ஃப்ளோர் க்ளீன் பண்ணாரு, அவ்ளோதானே? அதுக்கு ஏன் ஷேம் ஆகறாரு?"

"ஊர்ல அப்படித்தான்ம்மா. உனக்குப் புரியாது."

"நானும்தான் பண்றேன்."

அவள் ஒரு காபிக் கடையில் பகுதி நேரம் வேலை பார்க்கிறாள். கடை மூடும்போது தரை துடைப்பது அவள் முறை. லில்லி இதை மத்திகிரி உறவினர்களிடம் "ஸ்டோர் மேனேஜ்மென்ட் ட்ரெய்னிங்" என்று அறிவித்திருக்கிறாள். அறிவிப்பு வெளியானபோது பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டியவன் நான்.

"என்னப் பத்தி நீங்க பாட்டிகிட்ட என்ன சொல்லியிருக்கீங்க?" என்றாள்.

அன்று எனக்கு அவசரமாக ஒரு குழுக் கூட்டம் பார்க்க வேண்டியிருந்தது.

7

விசாரணை ஓர் அரசு அலுவலகத்தின் சின்ன அறையில் நடந்தது. கோர்ட் மாதிரி கூண்டெல்லாம் இல்லை. நீளமான மேஜை, தண்ணீர் பாட்டில்கள், ஒரு செடி. விசாரணை அதிகாரி நரைத்த தலையோடு ஒரு பெண்மணி. காப்பீட்டுக் கம்பெனிக்கு ஓர் இளம் வக்கீல். எங்கள் பக்கம் முனிராஜ், துணைக்கு நான். டெபியையும் ரோசாவையும் சாட்சியாகக் கூப்பிட்டிருந்தார்கள். ரோசா கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி, கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

முனிராஜுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை அரசே ஏற்பாடு செய்திருந்தது. மேஜைமேல் இருந்த தொலைபேசியின் ஸ்பீக்கரில் அவர் குரல் வந்தது. யாழ்ப்பாணத்துப் பெண்மணி. "வணக்கம் தம்பி, ஆறுதலாகக் கதையுங்கோ" என்றார். முனிராஜ் எழுந்து நின்று தொலைபேசியைக் கும்பிட்டான். ஓசூர்த் தமிழும் யாழ்ப்பாணத் தமிழும் ஓர் அமெரிக்க அரசு மேஜையில் சந்தித்து ஒன்றையொன்று நலம் விசாரித்துக்கொண்டன. அதிகாரி அவசரப்படுத்தவில்லை. ஒரு கூலித் தொழிலாளியின் ஒரு மணிக்கட்டுக்காக ஓர் அரசாங்கம் இவ்வளவு பொறுமையாகக் காத்திருப்பதை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

முனிராஜ் பழைய கதையையே சொன்னான். சுற்றினேன், உடைத்தேன், விழுந்தேன். நான் என் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாதாவின் ஜாமீன் அப்படி.

அப்புறம் வக்கீல் எழுந்தார். மரியாதையான பையன். நிகழ்ச்சி கட்டாயமில்லை, யாரும் உத்தரவிடவில்லை, ஆகவே இது வேலையில்லை என்றார். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அவர் மேலே போனார். தரை ஈரமாக இருந்தது என்று சொன்னால், அதைக் கவனிக்க வேண்டியது துப்புரவுப் பணியாளர். அந்தப் பூசணி அவ்வளவு நேரம் தரையில் ஏன் கிடந்தது என்பது அவரைக் கேட்க வேண்டிய கேள்வி என்று சொல்லி, ரோசாவின் பக்கம் கையைக் காட்டினார். ரோசா கைப்பையை இன்னும் இறுக்கினார்.

"அவரு இன்னா சொல்றாரு?" என்று முனிராஜ் தொலைபேசியிடம் கேட்டான்.

"துப்புரவு செய்யிற அம்மா தன்ரை வேலையைச் செய்யேல்லையோ எண்டு கேக்கிறார், தம்பி."

முனிராஜ் எழுந்துவிட்டான். கட்டுப் போட்ட கை மேஜையில் இடித்தது. அதைக்கூடக் கவனிக்கவில்லை.

"இல்லீங்க, இல்லீங்க. ரோசாம்மா மேல ஒரு தப்பும் கெடையாது. அவங்க அப்ப வரவே இல்ல. அவங்களுக்கு வேல வைக்கக் கூடாதுன்னுதான் நான் தொடச்சேன். மாப்பு எங்கையிலதான் இருந்துச்சு. தொடைக்கும்போதுதான் விழுந்தேன்."

மொழிபெயர்ப்பாளர் அதை ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னார். அறையில் செடி மட்டும் அசையாமல் இருந்தது. மற்ற எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம்.

"இதை ஏன் முன்பே சொல்லவில்லை?" என்று கேட்டார் அதிகாரி.

"வெக்கமா இருந்துச்சுங்க."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றி அவனையே பார்த்தார். பிறகு, "அந்த மாப்பு இப்போது எங்கே?" என்றார்.

"பலகைக்கு அடியில ஒதச்சு விட்டுட்டேன்."

டெபி பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கினார். "சரக்குப் பலகைக்கு அடியிலிருந்து மாப்பு ஒன்று கிடைத்தது. பொருளைக் கண்ட இடத்தில் போடுவதாக இரண்டாவது ஷிஃப்ட்காரர்களைத் திட்டிவிட்டேன்." பிறகு என் பக்கம் திரும்பி, "அவர்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்" என்றார். கேட்கவும் செய்தார்.

சிந்தியதைக் கண்டவர் துடைக்க வேண்டும் என்பது தொழிற்சாலை விதிதானா என்று அதிகாரி கேட்க, ஆமாம் என்றார் டெபி. சுவரில் எழுதியே வைத்திருக்கிறார்கள். நாங்கள் அந்தச் சுவருக்குக் கீழேதான் தினமும் டீ குடிக்கிறோம்.

வெளியே வந்ததும் ரோசா முனிராஜின் நல்ல கையைப் பிடித்துக்கொண்டு ஸ்பானிஷ் மொழியில் நெடுநேரம் ஏதோ சொன்னார். அவன் தெலுங்கில் பதில் சொன்னான். இரண்டு பேருக்கும் புரிந்த மாதிரிதான் இருந்தது.

8

தீர்ப்பு தபாலில் வந்தது. காயம் பட்டபோது அவர் சுத்தம் செய்துகொண்டிருந்தார், அது வேலை, இழப்பீடு உண்டு. அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். திருத்தத்தின் அந்த வரியைத் தீர்ப்பில் முழுதாக எடுத்து எழுதியிருந்தார் அதிகாரி. எங்கோ ஒரு பள்ளிக்கூடத்தில் பாத்திரம் அடுக்கிக்கொண்டிருக்கும் அந்த அம்மாளுக்கு உத்தனப்பள்ளி என்று ஓர் ஊர் இருப்பதே தெரியாது.

மறுநாள் காலை டீ இடைவேளையில், ஒரு கையால் முடிகிற சின்ன வேலைகளுக்கு வந்துகொண்டிருந்த முனிராஜ் மஞ்சுளாவை வீடியோவில் கூப்பிட்டான். அங்கே சாயங்காலம். வேலை முடிந்து வந்து, தலைமுடியைக் கொண்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் எழுந்து போகப் பார்த்தேன். என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டான்.

"மஞ்சு, கேஸு ஜெயிச்சாச்சு. ஆபரேசன் பண்றாங்க."

"அப்பாடா! முனியப்பனுக்குப் பொங்கல் வைக்கணும்."

"வை. ஆனா ஒண்ணு. நான் பூசணி ஒடைக்கும்போது விழல."

"பின்ன?"

"தொடைக்கும்போது விழுந்தேன். மாப்பு புடிச்சு."

படம் உறைந்துவிட்டது என்று நினைத்தேன். மஞ்சுளாதான் உறைந்திருந்தாள்.

"நீங்களா?"

"ஆமா."

"மாப்பா?"

"ஆமாங்கறேன்ல!"

"அத்தே!" என்று உள்ளே பார்த்துக் கத்தினாள். "இங்க ஓடியாங்க. உங்க மகன் அமெரிக்காவுல தரை தொடச்சாராம்! இங்க சாப்ட்ட தட்டக்கூட எடுத்து வைக்கமாட்டாரு!"

மாமியார் வந்தார். இருவரும் சிரித்தார்கள். வெகுநேரம் சிரித்தார்கள். முனிராஜ் இத்தனை வாரமாகப் பயந்த சிரிப்பு அதுதான். அவன் அதைத் தலைகுனிந்து வாங்கிக்கொண்டிருந்தான். காது மட்டும் சிவந்திருந்தது. பிறகு ரோசாவைப் பற்றியும், விசாரணையில் எழுந்து நின்றதைப் பற்றியும் சொன்னான். அந்தப் பக்கம் சிரிப்பு மெல்ல நின்றது.

"அந்தம்மா நல்லா இருக்காங்களா?"

"இருக்காங்க."

"நான் கேட்டன்னு சொல்லுங்க." அவன் கையின் மாவுக்கட்டைப் பார்த்தாள். "கை மொதல்ல சரியாவட்டும். அப்பறம் வர்ற ஆயுத பூஜைக்கு லீவு போட்டுட்டு வாங்க. இந்தத் தடவ ஒடைக்கறது நானு. தொடைக்கறது நீங்க."

கை சரியாகிவிட்டது. இந்த வாரம் ஆயுத பூஜை. முனிராஜ் லீவில் ஊருக்குப் போயிருக்கிறான்.